தலைமடையும் கடைமடையும்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் மேற்கெல்லையைக் கடந்து பாலக்காட்டு மாவட்டத்துள் அடியெடுத்து வைத்தவுடன் நம்மை எதிர்கொள்ளும் ஊர்களுள் எருத்தேன்பதியும் ஒன்று. எல்லைக் கல் மாறுகிறது. பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறது. ஆயினும் கடைத்தெருவிலும் களத்துமேட்டிலும் ஒலிக்கும் தமிழ் மாறுவதில்லை. சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் முன்னர்க் கொச்சி நாட்டின் பகுதியாக இருந்தது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்துள் அடங்கிற்று. பிற மாநிலத்தில் வாழும் தமிழர் என்று நாம் சொல்லும்போது, பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் தில்லிக்கும் சென்றோரை மட்டுமே நினைக்கிறோம். தம் வீட்டு முற்றத்தில் நின்றபடியே பிற மாநிலத்தவர் ஆனவர்களும் உண்டு என்பதற்கு இவ்வூர் மக்கள் சான்றாவர்.

இவர்களுடைய வாழ்க்கை நீரைப் பற்றிய வாழ்க்கை. கேரளம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது ஓயாத மழையும் நிறைந்த குளமும் ஆகும். ஆனால் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் நிற்கும் இந்நிலப்பகுதிக்கு அப்பேறு கிட்டவில்லை. கேரளத்தின் சராசரி ஆண்டுமழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். அதில் பாதிகூடப் பெறாத ஆண்டுகள் இங்குப் பல. கிணறு வற்றியதால் ஆழ்குழாய் இறங்கிற்று. ஆழ்குழாய் இறங்க இறங்க நிலத்தடி நீரும் கீழே இறங்கிற்று. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2017 ஆம் ஆண்டுக் கணிப்பில், அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட வட்டாரமாகச் சித்தூர் குறிக்கப்பெற்றது. ஆழத்துப் பாறையினின்று ஏறிவரும் நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுந்திருப்பதும் இக்கிழக்குப் பகுதியின் நெடுநாள் துன்பமாகும். குடிநீரில் இவ்வுப்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் பல்லில் கறை படியும். நாட்பட்டால் எலும்பையும் தாக்கும்.

நிலத்தடி நீர் கைவிட்ட இடத்தில் ஆறுதான் துணை. ஆனைமலைத் தொடரிலிருந்து இறங்கும் ஆழியாறு, தமிழ்நாட்டு ஊர்களின் ஓரமாக ஓடி, மணக்கடவைக் கடந்து கேரளத்துள் புகுந்து சித்தூர்ப்புழை என்னும் பெயர் பெறுகிறது. அதற்குச் சோகநாசினி என்னும் மற்றொரு பெயரும் உண்டு. துயரை அழிப்பவள் என்பது அதன் பொருள். மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சனின் மடம் சித்தூரில் இவ்வாற்றின் கரையிலேயே அமைந்துள்ளது. எருத்தேன்பதியைச் சூழ்ந்த நிலங்களின் மழைநீரை ஏற்கும் கோரையாறு, வரட்டாறு முதலிய சிற்றாறுகள் வடமேற்கே சென்று கல்பாத்திப்புழையில் கலக்கின்றன. சித்தூர்ப்புழையும் கல்பாத்திப்புழையும் பறளி என்னுமிடத்தில் கூடிப் பாரதப்புழையாகி, பொன்னானியில் கடலைச் சேர்கின்றன. ஆனைமலையில் பிறந்த ஒரு துளி, எத்தனை ஊர்களின் குடத்தையும் வயலையும் தொட்டுவிட்டுக் கடலை அடைகிறது என்பதை நினைவில் நிறுத்துவோம். நாம் சொல்ல வந்த செய்தி அதனுள்தான் அடங்கியிருக்கிறது.

அளவுக்குக் கணக்குண்டு, தூய்மைக்கு?

இவ்வாற்று நீரின் அளவைப் பற்றி இரு மாநிலங்களும் நெடுங்காலம் பேசியுள்ளன. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 ஆம் நாள் கையெழுத்தாயிற்று. 1958 நவம்பர் 9 முதற்கொண்டே அது நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பெற்றது. அதன்படி மணக்கடவில் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. மூலத்தறையில் இந்நீர் தடுக்கப்பெற்றுக் கால்வாய்கள் வழியே சித்தூர் வட்டத்து வயல்களுக்குப் பிரிகிறது. எந்தப் பதினைந்து நாளில் எவ்வளவு நீர் வரும் என்பதை உழவர்கள் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். ஒரு கனஅடி குறைந்தாலும் குரல் எழும், எழுவதும் முறையே.

ஆனால் நீருக்கு அளவு என்பது ஒரு பாதி. தன்மை என்பது மறு பாதி. வந்து சேர்ந்த நீர் குடிக்கவும் குளிக்கவும் தக்கதாக வந்ததா என்று கேட்பவர் சிலர். நம்மைக் கடந்து செல்லும் நீர் அவ்வாறு செல்கிறதா என்று கேட்பவர் அவரினும் சிலர். தலைமடைக்காரரைக் குறைகூறும் உழவர் தாமும் வேறொருவருக்குத் தலைமடைக்காரர் என்பதை மறந்துவிடுகிறார்.

ஆறு எவ்வளவு கழிவைத் தாங்கும்?

ஓடும் நீர் தன்னைத் தானே தூய்மையாக்கிக் கொள்ளும் என்பது நம் முன்னோர் கண்டறிந்த உண்மை. அது எவ்வாறு நிகழ்கிறது? வீட்டுச் சாக்கடையிலும் மாட்டுத்தொழுவக் கழிவிலும் உள்ள அழுகும் பொருள்களை நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு சிதைக்கின்றன. அவ்வாறு சிதைப்பதற்கு அவை நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. செலவான வாயுவைக் காற்றிலிருந்து ஆறு மெல்ல மெல்ல மீட்டுக்கொள்கிறது. வரவு செலவை மிஞ்சும் வரை ஆறு நலமாக இருக்கும். செலவு வரவை மிஞ்சினால் மீன் செத்து மிதக்கும். நீர் கறுத்து நாறும். அமெரிக்க நாட்டில் ஒகையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்னும் இருவர் இவ்வரவுசெலவைக் கணக்கு வாய்பாடாகவே 1925 ஆம் ஆண்டில் எழுதிக் காட்டினர்.

வெயில் கடுமையான நம் நாட்டில் இந்த வரவே குறைவு. 20 பாகை வெப்பமுள்ள தூயநீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையானால் ஏழரை மில்லிகிராமே தாங்கும். அதே கோடையில்தான் நுண்ணுயிர்களின் பசியும் மிகும். ஆற்றின் ஓட்டமும் குறையும்.

இனி ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் பிராணவாயுவின் அளவே மாசின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. குளிப்பதற்குத் தக்க ஆற்றுநீரில் இத்தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. வீட்டுச் சாக்கடை நீரில் அது ஏறத்தாழ 250 என்று கொள்வோம். ஆற்றில் வரும் நல்ல நீரிலும் 1 இருப்பதாகக் கொள்வோம். அப்படியாயின் ஒரு குடம் சாக்கடை நீரை ஆறு தாங்குவதற்கு 124 குடம் நல்ல நீர் வேண்டும்!

நாட்டுப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் என்பது இப்போதைய அளவு. ஐவர் உள்ள குடும்பத்துக்கு 275 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 220 லிட்டர், கழிவுநீராக வெளியேறும். ஆயிரம் குடும்பங்களின் கழிவு அப்படியே ஆற்றில் விழுமாயின், அதைத் தாங்க மட்டுமே விநாடிக்கு 11 கனஅடி நல்லநீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அணையின் கதவு திறந்திருக்கும் நாளில் அது எளிது. கதவு மூடிய சித்திரை மாதத்தில், மணல் திட்டுகளுக்கிடையே குட்டை குட்டையாக நீர் தேங்கி நிற்கும் நாளில், அந்த 11 கனஅடிக்கு எங்கே போவது? ஆற்றின் தாங்குதிறனை மழைக்காலத்து வெள்ளத்தைப் பார்த்து மதிப்பிடுவோர் கோடையில் ஏமாறுவர். வறண்ட நாளின் ஓட்டமே கணக்குக்கு அடிப்படையாதல் வேண்டும்.

இக்கணக்கின் மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்து நாட்டில் 1898 இல் அமைக்கப்பெற்ற சாக்கடைக் கழிவு பற்றிய அரச ஆணையம், 1912 இல் வெளியிட்ட தன் எட்டாவது அறிக்கையில், கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி அதன் பிராணவாயுத் தேவையை 20 மில்லிகிராமுக்குக் குறைத்த பின்னரே ஆற்றில் விடலாம் என்றும், ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நீர் ஓட வேண்டும் என்றும் கூறிற்று. நாம் மேலே கொண்ட அளவுகளை வைத்துப் பார்த்தாலும், தூய்மைப்படுத்திய நீருக்கு எட்டரை மடங்கே போதும் என்று வருகிறது. 124 எங்கே, எட்டரை எங்கே! கழிவை ஆற்றில் விடுவதற்குமுன் நாம் செய்யும் சிறு வேலை, ஆற்றின் சுமையைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைத்துவிடுகிறது.

வயலிலிருந்து வரும் மாசு

வீட்டுக் கழிவு கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். வயலிலிருந்து வரும் மாசோ தெளிந்த நீரின் வேடத்தில் வருகிறது. ஒரு மூட்டை யூரியாவை எடுத்துக்கொள்வோம். 2018 முதல் மூட்டை 45 கிலோ. அதில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து, அதாவது ஏறத்தாழ 20 கிலோ 700 கிராம். பயிர் உண்டது போக எஞ்சியது நைட்ரேட்டாக மாறி நீரோடு கசியும். குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் பச்சிளங் குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். ஒரு மூட்டையின் தழைச்சத்து முழுவதும் கசிந்து வீணாகுமாயின், 20 இலட்சம் லிட்டர் தூயநீரை இந்த எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். கசிவது மூட்டையில் பத்தில் ஒரு பங்கு என்றாலும் 2 இலட்சம் லிட்டர். காசு கொடுத்து வாங்கிய உரம் கிணற்றில் நஞ்சாகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், சிக்கனமும் தூய்மையும் ஒரே வழியில் செல்வது புலப்படும். மண்ணை ஆய்ந்து, உரத்தைச் சிறுசிறு தவணையாக இட்டு, மழைமேகம் கண்டபோது இடாமல் நிறுத்தினால் இழப்பில் பெரும்பகுதி குறையும்.

இப்பகுதியில் கறவை மாடு வளர்ப்புப் பெருகியுள்ளது. தொழுவத்தைக் கழுவிய நீர் வீட்டுச் சாக்கடையினும் பன்மடங்கு கடுமையானது. அதை வாய்க்காலில் விடுவது பத்து வீட்டுச் சாக்கடையை ஒருங்கே விடுவதற்கு ஒப்பாகும். ஆனால் அச்சாணமே ஒரு செல்வம். கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960 களிலிருந்து பரப்பிவந்த சாண எரிவாயுக் கலத்தில், கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் எரிவாயு கிடைக்கிறது. வாயு போக எஞ்சும் கரைசல், தழைச்சத்துக் குன்றாத எருவாகத் தென்னைக்குப் போகிறது.

தென்னை மிகுந்த ஊர்களில் மற்றொரு தொல்லை நார்த்தொழிலால் வருகிறது. நார் பிரித்தபின் எஞ்சும் துகளை நீரால் அலசும்போது தேயிலைச் சாயம்போல் செந்நிறக் கசிவு இறங்குகிறது. உப்பும் துவர்ப்பொருள்களும் கலந்த இக்கசிவு கிணற்று நீரின் நிறத்தையும் சுவையையும் கெடுக்கிறது. அதனாலேயே நீரைப் பயன்படுத்தும் நார்த்தொழிற்கூடங்களைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 ஆம் ஆண்டில் வெள்ளைப் பிரிவிலிருந்து எடுத்துக் கண்காணிப்பு மிகுந்த ஆரஞ்சுப் பிரிவில் சேர்த்தது. துகள் மண்ணுக்கு நன்மையே செய்யும். அலசிய நீரைத் திறந்தவெளியில் விடுவதே தீமை.

எல்லாக் கழிவும் எரு ஆகாது

கழிவை மண்ணுக்குத் திருப்புக என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அதனைக் கற்பித்ததும் இதே சித்தூர் வட்டமே. பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் கோக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை 2000 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஆலையிலிருந்து வெளியேறிய கசடு, அக்கம்பக்கத்து உழவர்களுக்கு உரம் என்று வழங்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காக அக்கசடு ஆய்ந்து பார்க்கப்பட்டபோது, அதில் காட்மியம், காரீயம் ஆகிய நச்சு உலோகங்கள் இருப்பது வெளிப்பட்டது. கிணற்று நீர் கெட்டது என்று பழங்குடி மக்கள் வாயிலில் அமர்ந்து அறப்போர் நடத்தினர். 2004 மார்ச்சு மாதத்தில் ஆலை மூடப்பட்டது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010 இல் இழப்பை 216 கோடியே 26 இலட்சம் ரூபாய் என மதிப்பிட்டது. ஈடு வழங்கத் தீர்ப்பாயம் ஒன்று அமைக்கச் சட்டமன்றம் 2011 இல் இயற்றிய மசோதா, குடியரசுத்தலைவரின் ஒப்புதலைப் பெறவில்லை. அழுகி மக்கும் கழிவை மண் ஏற்கும். உலோக நஞ்சை மண்ணும் ஏற்காது, நீரும் ஏற்காது. என்ன கலந்துள்ளது என்று தெரியாத எதையும் எருவென்று ஏற்பது கூடாது.

தொலைவில் உள்ள நமக்கு என்ன?

இவையெல்லாம் எருத்தேன்பதியாருக்கு உரியவை. நகரில் வாழும் நமக்கு என்ன என்று கேட்கத் தோன்றலாம். நம்மவர் மிகுதியாக வாழும் பெங்களூரைப் பாருங்கள். அந்நகரின் ஒரு பகுதிக் கழிவுநீர் பெல்லந்தூர் ஏரியிலும் வர்த்தூர் ஏரியிலும் வீழ்கிறது. பெல்லந்தூர் ஏரியின் நுரை 2015 இல் தீப்பற்றி எரிந்ததை நாடே கண்டது. அவ்வேரிகளின் நீர் தென்பெண்ணையாறு வழியே தமிழ்நாட்டுள் இறங்கி, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அங்கும் வெண்ணுரை மலைபோல் எழுகிறது. அந்நீரைப் பாய்ச்சும் உழவர் தமிழர். நகரில் அக்கழிவை வெளியேற்றியோருள்ளும் தமிழர் உண்டு. எருத்தேன்பதித் தமிழர் தமிழ்நாட்டு ஆற்றின் கடைமடையில் நிற்கிறார். பெங்களூர்த் தமிழர் தமிழ்நாட்டு ஆற்றின் தலைமடையில் நிற்கிறார். நீருக்கு மொழியும் இல்லை, மாநிலமும் இல்லை. மேடும் பள்ளமுமே அது அறிந்த எல்லை.

திருப்பூரை அடுத்த நொய்யல் ஆற்றில் 1992 இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையின் கதை நாம் அறிந்ததே. பாசனத்துக்கென்று எழுந்த அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. நீர் வேண்டும் என்று கேட்க வேண்டிய உழவர்கள், அணையைத் திறக்க வேண்டா என்று கேட்கும் நிலை வந்தது. அளவு நிறைந்திருந்தும் தன்மை கெட்டால் நீர் இருந்தும் இல்லாததே.

ஐரோப்பாவில் ரைன் ஆறு பல நாடுகளின் வழியே ஓடுகிறது. கடைமடையில் உள்ள ஆலந்து நாட்டின் முயற்சியால், ஆற்றங்கரை நாடுகள் 1950 இல் கூடி ஒரு பாதுகாப்பு ஆணையம் அமைத்தன. 1986 இல் சுவிட்சர்லாந்தில் நேர்ந்த தீவிபத்தில் நஞ்சு கலந்து ஆறே செந்நிறமாயிற்று. அதன்பின் கூட்டுமுயற்சி தீவிரமடைந்தது. அற்றுப்போன சால்மன் மீன் மீண்டும் ஆற்றில் ஏறிற்று. நாடுகள் செய்து காட்டியதை, ஒரே நாட்டின் இரு மாநிலங்கள் செய்ய இயலாதா?

நாம் செய்யத்தக்கவை

சமையலறை, குளியலறை நீரை மலக்குழி நீரோடு சேர்க்காமல் தனியே பிரித்தல் முதற்படி. மணலும் கல்லும் இட்ட சிறு தொட்டியில் வடித்து, கல்வாழையும் சேம்பும் நட்ட பாத்தி வழியே செலுத்தினால், நீர் தெளியும். கோடையில் சொட்டுநீர் முறையில் ஒரு தென்னைக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் அளவே வேண்டும். அப்படியாயின், ஒரு குடும்பத்தின் 220 லிட்டர் இரண்டு தென்னைகளுக்குப் போதும். நீருக்கு ஏங்கும் நிலத்தில், கழிவுநீர் என்று நாம் தள்ளியது இரண்டு மரத்தின் உணவாகிறது.

உறிஞ்சுகுழி தோண்டுவோர் கிணற்றுக்கு 15 மீட்டருக்குக் குறையாத தொலைவில், நீரோட்டத்துக்குக் கீழ்ப்புறமாகத் தோண்டுக. பாறை வெடிப்புள்ள நிலத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வெடிப்பின் வழியே மாசு வடிபடாமலே கிணற்றை அடையும். மருந்தடிக்கும் தெளிப்பானை வாய்க்காலில் கழுவாமல், கழுவிய நீரை அடித்த வயலிலேயே தெளித்துவிடுக. ஆற்றோரத்தில் சில முழ அகலத்துக்கு உழாமல் புல்லும் வெட்டிவேரும் வளர விட்டால், வயலின் மண்ணையும் உரத்தையும் அவை பிடித்து நிறுத்தும்.

சிறு உழவர் இதனைச் செய்யும்போது, பெருநகரமும் பேரூரும் தம் சாக்கடையைத் தூய்மைப்படுத்தாமல் விடுவது நீதியாகாது. 1974 ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் பெரியோருக்கும் சிறியோருக்கும் பொது. மலக்குழி அள்ளும் வண்டி இரவில் ஓடையில் கொட்டுவதை ஊராட்சி தடுக்க வேண்டும். மணக்கடவில் அளக்கும் நீரின் அளவோடு, அதன் பிராணவாயுவும் நைட்ரேட்டும் அளக்கப்பட்டு, இரு மொழியிலும் ஊர்ச் சாவடியில் எழுதி வைக்கப்பட வேண்டும். கணக்கு வெளிப்படையாக இருந்தால் குறைகூறலும் குறையும். கடமை எவருடையது என்பதும் தெளியும்.

எருத்தேன்பதி என்னும் பெயரின் காரணம் எதுவாயினும் ஆகுக. அதன் தொடக்கத்தில் எரு என்னும் சொல்லின் ஒலி நிற்கிறது. ஆற்றில் வீழ்ந்தால் மாசாகும் பொருளே அளவறிந்து மண்ணில் சேர்ந்தால் எருவாகும். நம் வீட்டு வாய்க்கால் எந்த ஓடையில் சேர்கிறது, அவ்வோடை எந்த ஆற்றில் கலக்கிறது, அவ்வாற்றில் அடுத்துக் குடம் அமிழ்த்துபவர் யார் என்று, எம்மாநிலத்தில் வாழ்ந்தாலும் நாம் ஒவ்வொருவரும் ஒருமுறை விசாரித்து அறிவோமாக. தலைமடையிலிருந்து நாம் எத்தகைய நீரை எதிர்பார்க்கிறோமோ, அத்தகைய நீரையே கடைமடைக்கு அனுப்புவோமாக.